கிடையும் மரபுச்செல்வமே

நுழையும்முன்

முல்லைத்திணையைப் பாடலில் படித்திருக்கிறோம். அத்திணைக்குரிய வாழ்வை இன்றும் வாழ்வோர் நம்மிடையே உள்ளனர். ஆட்டு மந்தையோடு ஊர்விட்டு ஊர் நடக்கின்றனர். அவர்களுடைய தொழிலை நாம் எவ்வாறு மதிக்கிறோம்? பழைய கட்டடங்களைப் பேணுவதுபோல் அவர்களுடைய அறிவையும் பேணுகிறோமா? புதுச்சேரி மண்ணிலிருந்து இவ்வினாக்களை எழுப்புகிறது இக்கட்டுரை.

ஒரு வசைமொழியின் பொருள்

“ஒழுங்காகப் படிக்காவிட்டால் ஆடு மேய்க்கத்தான் போவாய்!” இத்தொடரைக் கேளாமல் பள்ளிப்படிப்பை முடித்தவர் தமிழ் மண்ணில் அரியர். பெற்றோர் சொல்வர், உறவினர் சொல்வர், வகுப்பறையிலும் அது ஒலிப்பதுண்டு. பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்னும் கவலையே அவ்வாறு சொல்ல வைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அச்சிறு தொடருக்குள் இரண்டு கருத்துகள் ஒளிந்துள்ளன. ஆடு மேய்க்க அறிவு வேண்டியதில்லை என்பது ஒன்று. ஆடு மேய்ப்பவரிடம் பிறர் கற்றுக்கொள்ள ஏதுமில்லை என்பது மற்றொன்று. அதே வகுப்பில் ஆடு வளர்ப்போர் வீட்டுப் பிள்ளை ஒருவர் அமர்ந்திருந்தால், தம் தந்தையின் உழைப்பு ஒரு தண்டனையின் பெயராக மாறியதைக் கேட்டுத் தலைகுனிவார்.

அவ்விரு கருத்துகளும் தவறானவை என்பதே இக்கட்டுரையின் துணிபு. மேய்ச்சல் தொழில் தலைமுறை தலைமுறையாகத் திரண்ட அறிவு. கோட்டைகளையும் மாளிகைகளையும்போலப் பேணத்தக்க மரபுச்செல்வம். மரபைப் பேணுவதில் பெயர்பெற்ற புதுச்சேரியிலிருந்தே இதைப் பேசத் தொடங்குவது பொருத்தமுடையது.

கடற்கரை நகரின் மறுபக்கம்

புதுச்சேரி என்றதும் கடற்கரைச் சாலையும் நேரான தெருக்களும் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற மஞ்சள்நிறச் சுவர்களுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நகரைத் தாண்டி மேற்கே வில்லியனூர்ப் பக்கமும் தெற்கே பாகூர்ப் பக்கமும் சென்றால் காட்சி மாறும். ஏரிகளும் நெல்வயல்களும் கரும்புத் தோட்டங்களும் செம்மண் மேடுகளும் விரியும். அறுவடை முடிந்த வயல்களில் செம்மறியாடுகள் தலைகுனிந்து மேய, துறட்டியைத் தோளில் சாய்த்து ஒருவர் பின்னே நடப்பார்.

புதுச்சேரிப் பகுதி ஒரே நிலத்தொடர்ச்சியாக அமைந்ததன்று. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் ஊர்கள் அதன் இடையிடையே புகுந்து கிடக்கின்றன. பிரெஞ்சு அரசும் ஆங்கிலேய அரசும் வகுத்த எல்லைகளின் எச்சம் இது. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் புதுச்சேரி இந்தியாவின் ஆளுகைக்குள் வந்தது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அவ்விணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. ஆட்சிகள் மாறின, எல்லைக்கற்கள் நின்றன. புல் இருக்கும் திசையையே அறிந்த மந்தைக்கு இவ்வெல்லைகள் தெரியா. காலையில் புறப்பட்ட ஆடுகள் மாலைக்குள் இரண்டு மூன்று முறை மாநில எல்லையைக் கடந்து திரும்பக்கூடும்.

நிலத்தைப் படித்தவர்கள்

ஆடு மேய்த்தல் என்பது ஆட்டின் பின்னே நடப்பது மட்டுமன்று. செம்மறி தரையோடு தரையாகப் புல்லைக் கரும்பும். வெள்ளாடு தலைநிமிர்ந்து செடியையும் கொடியையும் கடிக்கும். இவ்வேறுபாட்டை அறிந்தவரே எந்த மந்தையை எந்த நிலத்தில் விடலாம் எனத் தீர்மானிக்க இயலும். வாயைத் திறந்து பல்வரிசையைப் பார்த்த அளவில் ஆட்டின் அகவையைச் சொல்கின்றனர் மேய்ப்பர். நிலைப்பற்கள் இரண்டு முளைத்திருந்தால் ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை. எட்டும் முளைத்திருந்தால் அது முழு வளர்ச்சியுற்ற ஆடு. சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம் என்பதைக் கணக்கிட்டு, குட்டிகள் பிறக்கும் காலத்தில் தாயாடுகளுக்குப் பசுந்தீனி கிடைக்கும்படி பயணத்தை அமைக்கின்றனர்.

மழைக்காலமே அவர்களுடைய அறிவுக்கு நேரும் கடுந்தேர்வு. மழை பெய்தவுடன் முளைக்கும் இளம்புல்லைக் கண்டு நாம் மகிழ்வோம், மேய்ப்பர் அஞ்சுவார். அத்தளிர்ப்புல்லை அளவின்றி மேயும் ஆடுகளைத் துள்ளுமாரி நோய் தாக்கும். முந்தைய மாலை நலமாக நின்ற ஆடு விடிவதற்குள் துள்ளி விழுந்து இறந்துவிடும். ஈரநிலத்தில் பெருகும் சிறுபூச்சிகள் நீலநாக்கு நோயைப் பரப்பும். ஆகவே, மழை தொடங்குமுன் மேட்டுநிலம் தேடிச் செல்வதும், தளிர்ப்புல் நிலத்தில் மந்தையை நெடுநேரம் நிற்கவிடாமல் ஓட்டுவதும் அனுபவத்தால் அமைந்த ஒழுங்குகள். நூற்றுக்கணக்கான ஆடுகளுள் ஒன்று நொண்டினாலும், ஒன்று தீனி எடுக்காமல் ஒதுங்கினாலும் அவர்கள் கண் கண்டுகொள்ளும். கூர்ந்து நோக்குதல், வகைப்படுத்துதல், காரணம் காணுதல், முன்கூட்டி உணர்தல் ஆகியவற்றையே நாம் அறிவியலின் படிகள் என வகுப்பறையில் கற்கிறோம்.

வயலும் மந்தையும்

அறுவடை முடிந்த நிலத்தில் இரவு முழுவதும் ஆடுகளை அடைத்து வைப்பதே கிடை போடுதல். பகலெல்லாம் சுற்றுப்புறத்தில் மேய்ந்த ஆடுகள் மாலையில் வயலுக்கு வந்து சேரும். படலாலோ வலையாலோ பட்டி வளைப்பர். குட்டிகளை மூங்கில் கூண்டில் காப்பர். நாய்கள் காவலிருக்கும். ஆடுகளின் புழுக்கையும் சிறுநீரும் அவ்விடத்திலேயே மண்ணோடு கலக்கும். மறுநாள் பட்டியை அடுத்த பகுதிக்கு நகர்த்துவர். இவ்வாறு சில இரவுகளில் வயல் முழுவதும் உரம் பெறும். வண்டியில் ஏற்றிக் கொண்டுவரவும் வேண்டா. கூலிக்கு ஆள் வைத்து இறைக்கவும் வேண்டா. கிடைக்குரிய ஊதியத்தை ஆட்டின் எண்ணிக்கையையும் இரவுகளையும் கணக்கிட்டுப் பணமாகவோ நெல்லாகவோ உழவர் தருவர்.

‘ஆட்டு எரு அந்த ஆண்டு, மாட்டு எரு மறு ஆண்டு’ என்பது உழவரிடையே வழங்கும் பழமொழி. ஆட்டெரு விரைந்து பயன் தரும் என்பதை அது சுருங்கச் சொல்கிறது. இன்றைய வேளாண் அறிவியலும் இதற்குத் துணைநிற்கிறது. தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ 0.5 விழுக்காடு எனில், ஆட்டெருவில் அது ஏறத்தாழ 3 விழுக்காடு. அதில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கூடுதலாகவே உள்ளன.

இம்முறையின் பெரும்பரப்பைக் காவிரிப் படுகையில் காணலாம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலும் அப்படுகையில்தான் உள்ளது. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து மேய்ப்பர் தம் மந்தைகளுடன் சம்பா அறுவடைக்குப்பின் படுகை நோக்கி நடக்கின்றனர்; மழைக்காலம் நெருங்கும்போது ஊர் திரும்புகின்றனர். மந்தைகளை வழிநடத்தும் தலைவரைக் கீதாரி என அழைப்பர். எந்த ஊரில் எப்போது அறுவடை முடியும், எந்தக் குளத்தில் நீர் நிற்கும், எந்த வழியில் சண்டையின்றிக் கடக்கலாம் என்பனவெல்லாம் அவர் மனத்தில் எழுதாத வரைபடமாக இருக்கும். வறண்ட நிலத்து ஆட்டுக்குத் தீனி, வளமான நிலத்து மண்ணுக்கு உரம் என இருதரப்பும் பயன்பெறும் இவ்வேற்பாடு எந்த அரசாணையாலும் தோன்றியதன்று. மக்களே கண்டமைத்த பொருளியல்.

தேயாத முதல்

இப்பொருளியலின் வேர் மிகப் பழையது. ஆட்டினத்தின் ஆண்பாற் பெயர்களாக மோத்தை, தகர், உதள், அப்பர் என்னும் நான்கைத் தொல்காப்பிய மரபியல் தருகிறது. ஓர் உயிரினத்துக்கு இத்தனை பெயர்கள் வழங்கின எனில், அதனோடு அம்மொழி பேசியோர் எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருக்க வேண்டும்! கலித்தொகையின் முல்லைக்கலி ஆடு மேய்ப்போரைப் புல்லினத்தார் என்றும், பசு மேய்ப்போரைக் கோவினத்தார் என்றும், எருமை மேய்ப்போரைக் கோட்டினத்தார் என்றும் பிரித்துக் காட்டுகிறது. மதுரையில் கண்ணகிக்கு அடைக்கலம் தந்தவள் ஆயர்குல மாதரி என்பதைச் சிலப்பதிகாரம் வழியாக அறிவோம்.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயர்மகள் மோர் விற்றுத் தானியம் பெற்றுக் குடும்பத்தை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னைத் தந்தால் அவள் வாங்குவதில்லை. எருமையும் பசுவும் கன்றுமே வேண்டும் என்கிறாள். பெட்டியில் வைத்த பொன் குட்டி போடாது. கொட்டிலில் நிற்கும் கறவை பெருகும். செல்வம் என்பது வளர்வது என்னும் தெளிவு அவளிடம் இருந்தது.

அத்தெளிவின்மேல் சோழர் காலக் கோயில்கள் ஒரு நிதி ஏற்பாட்டையே எழுப்பின. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் ஆடுகளைக் கொடையாக அளித்தனர். மன்றாடிகள் எனப்பட்ட மேய்ப்பர் அவற்றை ஏற்று வளர்த்தனர். தஞ்சைப் பெரியகோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் அளிக்கப்பட்டதையும், அதற்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டியிருந்ததையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. இறக்கும் ஆட்டுக்கு ஈடாகப் பிறக்கும் குட்டி மந்தையில் சேரும், எண்ணிக்கை குறையாது. எனவேதான் கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றன. முதல் தேயாமல் வட்டி மட்டும் வந்துகொண்டிருக்கும் இவ்வைப்பு நிதியைக் காக்கும் பொறுப்பு மேய்ப்பரின் நேர்மையையும் திறமையையும் நம்பியே ஒப்படைக்கப்பட்டது. அத்தகையோரை அறிவற்றோர் என்பது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி.

தெரிந்து தெளிவோம்

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 7.4 கோடி செம்மறியாடுகள் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ளவை ஏறத்தாழ 45 இலட்சம். மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை, திருச்சி கருப்பு, சென்னைச் சிவப்பு, நீலகிரி, கச்சைகட்டி கருப்பு, செவ்வாடு முதலியன தமிழ்நாட்டுச் செம்மறி இனங்கள். இவற்றுள் பெரும்பாலானவை தோன்றிய மண்ணின் பெயராலோ நிறத்தாலோ வழங்குகின்றன.

கல் பேசும், கால்தடம் பேசாது

புதுச்சேரிக்கு வடமேற்கே செஞ்சிக்கோட்டை நிற்கிறது. அம்மலைப் பகுதியில் தோன்றும் சங்கராபரணி என்னும் செஞ்சியாறு புதுச்சேரி வழியாக ஓடிக் கடலில் கலக்கிறது. ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆயர் குலத்தைச் சேர்ந்த ஆனந்தக்கோன் என்பவர் அக்கோட்டைக்கு அடித்தளமிட்டார் என்பது அப்பகுதியின் நெடுநாளைய வழக்கு. பின்னர்ப் பல அரசுகள் அதைக் கைப்பற்றின. 1750ஆம் ஆண்டு புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை அதைக் கைக்கொண்டு 1761 வரை வைத்திருந்தது. 2025ஆம் ஆண்டு, மராத்தியரின் படைச்சிறப்பைக் காட்டும் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக அது யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டைக்கு உலகப் புகழ் கிடைத்தது. அதன் தொடக்கத்தோடு பிணைத்துச் சொல்லப்படும் மேய்ச்சல் வாழ்வு இன்னும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

நகருக்குள்ளும் இதே நிலைதான். 1736 முதல் 1761 வரையிலான காலத்தை நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கரும் ஆயர் குலத்தில் தோன்றியவரே. அவர் வாழ்ந்த மாளிகை இன்று மரபுச்சின்னமாக மதிக்கப்படுகிறது. கடற்கரையை ஒட்டிய மேரி என்னும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே அதை மீண்டும் எழுப்பி 2021ஆம் ஆண்டு திறந்தனர். பாராட்டத்தக்க பணி அது. ஆனால், ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இடிந்த கட்டடத்தைப் படத்தையும் அளவையும் கொண்டு மீட்டெடுக்கலாம். ஒரு தலைமுறை மேய்ச்சலைக் கைவிட்டால், வழியும் புல்லும் நோயும் மருந்தும் பற்றி அது சேர்த்துவைத்த அறிவை எந்தப் படத்தைக் கொண்டு மீட்பது?

இவ்வறிவின் ஒரு பகுதியை எழுத்தில் காத்தவர்கள் சிலர் உண்டு. கரிசல் மண்ணின் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்னும் குறுநாவலில் ஆட்டுக்கிடை சார்ந்த வாழ்வைச் சித்திரித்தார். அது ‘ஒருத்தி’ என்னும் திரைப்படமாகவும் வந்தது. இடைசெவலில் பிறந்த அவர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகப் பணியாற்றி, புதுச்சேரியையே வாழிடமாகக் கொண்டு 2021ஆம் ஆண்டு மறைந்தார். சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவல் மந்தையோடு நடக்கும் குடும்பங்களின், குறிப்பாகப் பெண்களின், துயரத்தையும் உறுதியையும் காட்டுகிறது. இலக்கியம் செய்த பணியைச் சமூகம் தொடர வேண்டும்.

மறுப்பும் விடையும்

இக்கருத்தை மறுப்போர் கூறும் காரணங்களையும் நேர்மையோடு கேட்க வேண்டும். மேய்ச்சல் வாழ்வு கடுமையானது. மழையிலும் பனியிலும் வெட்டவெளியில் உறங்கும் வாழ்வைப் போற்றுவது எளிது, வாழ்வது அரிது என்பர் சிலர். இஃது உண்மை. மந்தையோடு செல்லும் குடும்பத்தின் பிள்ளைகள் ஓரூர்ப் பள்ளியில் நிலைத்துப் படிக்க இயலாமல் தவிப்பதும் உண்மை. எனவே, ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை ஆட்டுக்காரராகவே இருக்க வேண்டும் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது. தொழிலைப் பிறப்போடு கட்டிவைப்பது மரபைப் பேணுதல் ஆகாது. அப்பிள்ளை மருத்துவராகலாம், பொறியாளராகலாம், விரும்பினால் கற்றறிந்த மேய்ப்பராகவும் ஆகலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையது. எதைத் தேர்ந்தாலும் மதிப்பளிக்கும் கடமை நம்முடையது.

ஆடுகள் பயிரை அழிக்கின்றன, இளங்கன்றுகளைக் கடித்துக் காட்டைக் கெடுக்கின்றன என்பது மற்றொரு குற்றச்சாட்டு. கட்டின்றி ஓரிடத்திலேயே மேய்ந்தால் தீங்கு நேரும் என்பது மெய்யே. நகர்ந்துகொண்டே மேய்வதுதான் கிடைமுறையின் உயிர்நிலை. நகர இடமில்லாதபோதுதான் மந்தை ஒரே நிலத்தைச் சுரண்ட நேர்கிறது. மேய்க்கால் புறம்போக்கு சுருங்குகிறது, வயல்கள் மனைப்பிரிவுகளாகின்றன, நடைவழிகள் வேலிக்குள் மறைகின்றன. ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள புதுச்சேரிப் பகுதியில் இந்நெருக்கடி மிகுதி. வழியை அடைத்துவிட்டு வழிதவறியதாகக் குறைகூறுவது முறையா?

உலகம் காட்டும் வழி

இச்சிக்கலைப் பிற நாடுகளும் சந்தித்துள்ளன. பிரான்சின் தென்பகுதியில் ஆர்ல் நகரை அடுத்த குரோ சமவெளியிலிருந்து மெரினோ ஆடுகள் கோடையில் ஆல்ப்ஸ் மலைப் புல்வெளிகளுக்குச் செல்வது நெடுங்கால வழக்கம். பருவந்தோறும் மந்தையை ஓட்டிச் செல்லும் இம்மரபை, பிரான்சு உள்ளிட்ட பத்து ஐரோப்பிய நாடுகளுக்கு உரியதாக, 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணராப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிரான்சிடமிருந்து தெருக்களையும் கட்டடங்களையும் பெற்ற புதுச்சேரி, மேய்ப்பரின் நடையை மரபாகக் காணும் பார்வையையும் பெறலாம் அல்லவா?

ஸ்பெயின் நாடு 1995ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் மந்தைகளின் பழைய நடைவழிகளைப் பொதுச்சொத்தாகக் காக்கிறது. அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,25,000 கிலோமீட்டர். தலைநகர் மாட்ரிடின் நடுத்தெருக்களில் ஆண்டுக்கொரு முறை ஆடுகள் ஊர்வலமாகச் செல்ல, மக்கள் இருபுறமும் நின்று வரவேற்கின்றனர். நகரம் வளர்ந்தாலும் வழி எங்களுடையது என்பதை மேய்ப்பர் நினைவூட்டும் விழா அது. இந்தியாவிலும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தகுதியுடைய வனவாழ் மக்களின் மேய்ச்சல் உரிமையோடு நாடோடி மேய்ச்சல் சமூகங்களின் பருவகால உரிமையையும் குறிப்பிடுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகத்தாருக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது.

நாம் செய்யத்தக்கன

முதலாவதாக, எஞ்சியுள்ள மேய்க்கால் நிலங்களையும் ஏரிப்படுகைகளையும் மந்தைகளின் நடைவழிகளையும் ஊர்வாரியாக ஆவணப்படுத்த வேண்டும். பதிவில் இல்லாதது எளிதில் பறிபோகும். இரண்டாவதாக, எல்லை கடந்து நடக்கும் மந்தைக்கு எல்லை கடந்த பணிகள் வேண்டும். புதுச்சேரி குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசிகள் உள்ளன. அவை கிடை இருக்கும் இடத்துக்கே உரிய பருவத்தில் சென்று சேரப் புதுச்சேரியும் தமிழ்நாடும் கைகோக்க வேண்டும். மூன்றாவதாக, மந்தையோடு செல்லும் பிள்ளைகள் எவ்வூரில் தங்கினாலும் அவ்வூர்ப் பள்ளியில் தொடர்ந்து படிக்க எளிய வழி செய்ய வேண்டும். நான்காவதாக, செயற்கை உரத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியேனும் கிடைக்கு ஊதியமாக உழவரிடமிருந்து செல்லுமாயின் மண்ணும் மேய்ப்பரும் ஒருங்கே வாழ்வர்.

இவை அரசும் ஊராரும் செய்ய வேண்டியவை. மாணவர்களாகிய உங்களுக்கும் ஒரு பணி உண்டு. உங்கள் ஊரில் ஆடு வளர்ப்போர் இருப்பின் அவர்களிடம் சென்று பேசுங்கள். ஆட்டின் நிறத்துக்கும் கொம்புக்கும் காதுக்கும் அவர்கள் வைத்துள்ள பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். எந்த நோய்க்கு எந்தப் பச்சிலையைத் தருகின்றனர், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நடக்கின்றனர், எந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது என வினவுங்கள். அகராதியில் இல்லாத சொற்கள் உங்கள் குறிப்பேட்டில் சேரும். அவற்றைச் சொல்லித் தருபவர் அப்போது உங்கள் ஆசிரியர்.

அவ்வாறு ஒருமுறை கற்றவர், ஆடு மேய்த்தலை வசையாகச் சொல்லமாட்டார். பிறர் சொல்லக் கேட்டால் திருத்துவார். ஒரு சமூகத்தின் அறிவைக் காக்கும் பணி சட்டத்தாலும் நிதியாலும் மட்டும் நிறைவேறாது. நம் நாவிலிருந்து ஓர் இழிசொல்லை நீக்குவதும் அப்பணியின் பகுதியே. அதற்கு அரசாணை வேண்டியதில்லை, இன்றே தொடங்கலாம்.